மூன்று ரவுட்டர்களும் ஒரு சிவப்பு அட்டையும்

எங்கள் வீட்டில் மூன்று ரவுட்டர்கள் இருக்கின்றன. மூன்றே பேர் குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று ரவுட்டர் எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஆளுக்கு ஒன்று என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்துவிடுவேன். ஆனால் ஹாலில் மின்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் சிவப்பு அட்டை ஒன்று தொங்குகிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வராது. காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விடுவேன். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ரயில்வே ஸ்டேஷனுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறோம். மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் மாலைக்குள் கரித்தூள் படிந்துவிடும். வீடு மூன்று கட்டமாக எழும்பியது. முதலில் கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. பிறகு பின்பக்கம் தகரக் கூரை போட்டு ஓர் அறை. அதில் என் மாமியார். கடைசியாக மாடியில் ஓர் அறை. அது என் ஆபீஸ். ஒவ்வொரு முறையும் வேறு கொத்தனார், வேறு வயரிங்காரர். கடைசியாக வந்தவர் மாடிக்குத் தனி லைன் இழுக்கச் சோம்பல்பட்டு, ஹாலில் ரவுட்டர் மாட்டியிருக்கும் பிளக்குக்குப் போகிற லைனிலிருந்தே ஒட்டுப் போட்டு மேலே கொடுத்துவிட்டுப் போனார். மின்பெட்டியில் ஒரே ஒரு சுவிட்ச் இரண்டுக்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மறந்துபோனேன்.

என் கணவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இணையக் கடை ஒன்றில் பொருள் வாங்கியவர்கள் "செருப்பு வரவில்லை", "வந்த புடவை வேறு நிறம்" என்று எழுதுவார்கள். நான் பதில் எழுத வேண்டும். திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. நான் லைனில் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். நெட் போனால் புள்ளி சிவப்பாகும். பத்து நிமிடம் சிவப்பாகவே இருந்தால் என் டீம் லீடர் போன் செய்வாள். மூன்று முறை எழுத்தில் எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பவளை எங்கே அனுப்புவார்கள் என்று நான் கேலி பேசுவது உண்டு. உள்ளுக்குள் பயம்தான்.

எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். பயப்படுகிறவர்களுக்குக் கோபமும் சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம். இந்த இரண்டும் சேர்ந்து செய்த வேலைதான் நான் சொல்லப்போவது.

ஹாலில் இருந்த ரவுட்டரின் சிக்னல் மாடிக்கு ஏறவில்லை. நடுவில் கான்கிரீட் தளம். பின் அறைக்கும் போகவில்லை. மாமியார் போனில் தொடர் பார்க்க முடியாமல் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "இன்னா நெட்டோ, சுத்திகினே கீது" என்று தினமும் ஒரு பாட்டம் புலம்புவார். அலமாரியில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. முன்பு வைத்திருந்த வேறொரு கனெக்ஷனோடு வந்தது. அதை மாடியில் வைத்து, ஹாலிலிருந்து கேபிள் இழுத்துச் சேர்த்துவிட்டால் ஒரே நெட் வீடு முழுவதும் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? படிக்கட்டு ஓரமாகக் கேபிளை ஓடவிட்டு நானே இணைத்தேன். மாடியில் சிக்னல் நான்கு கோடும் நிறைந்து நின்றது. பெருமை தாங்கவில்லை. அன்றைக்குச் சுடச்சுட கேசரி வேறு கிண்டினேன்.

அடுத்த இரண்டு நாள் நரகம். கோடு முழுதாக இருக்கும், நெட் இருக்காது. திடீரென்று வரும், பேசிக்கொண்டிருக்கும்போதே போகும். பச்சைப் புள்ளி சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, இரண்டு நாளில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. கணவர் வந்து தன் போனில் இரண்டு ரவுட்டரின் உள்ளேயும் போய்ப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ரெண்டுத்துக்கும் ஒரே அட்ரஸ் வெச்சிகிற. ரெண்டுமே நான் தான் பெரியவன்னு சொல்லிகினு ஊட்டுல கீற போனுக்கெல்லாம் நம்பர் குடுக்குது. போனு எது பேச்ச கேக்கும்? ஒண்ணு தான் நம்பர் குடுக்கணும். இன்னொண்ணு வாய மூடிகினு வந்தத அப்பிடியே அனுப்பணும்."

"அத அந்த வீடியோல சொல்லல," என்றேன்.

"கடைசில சொல்லியிருப்பான். நீ கடைசி வரிக்கும் எத பாத்த?"

உண்மைதான். நான் எதையும் கடைசிவரை பார்க்கிறவள் இல்லை.

இனி ஒழுங்காகச் செய்யலாம் என்றார். பின் அறைக்கும் ஒன்று சேர்த்து மூன்று ரவுட்டர். கேபிளைச் சுவரில் துளை போட்டு இழுப்பது. மாடியில் ஏற்கெனவே இருந்த பிளக் ஆட்டம் கண்டிருந்தது, செருகினால் பொறி பறந்தது. அதனால் அந்தப் போர்டைத் திறந்து புதிய சாக்கெட் ஒன்று மாட்டுவது. தனக்கு வார விடுமுறை வரும் ஞாயிற்றுக்கிழமை செய்துவிடலாம் என்றார். எனக்கு ஞாயிறும் வேலை உண்டு. ஒரு மணி நேரம் நெட் இருக்காது, அவ்வளவுதான் என்றார்.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு நான்கு மாதம் முன்னால் அவர் ஆலையில் ஒரு விபத்து. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மின்சார வேலைக்குப் போகிறவர், மேலே ஏறுமுன் அந்த லைனின் சுவிட்சை இறக்கி, அதில் தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையை மாட்டிப் பூட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டும். 'ஆபத்து. ஆள் வேலை செய்கிறார். போடாதே' என்று அட்டையில் எழுதியிருக்கும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அன்றைக்குப் பூட்டு கையிருப்பில் இல்லை. அட்டையை மட்டும் மாட்டிவிட்டு அவருடைய குழுவில் ஒருவர் கிரேனில் ஏறியிருக்கிறார். சூப்பர்வைசர், வேலை முடிந்திருக்கும் என்று நினைத்து, உற்பத்தி நிற்கிறதே என்ற அவசரத்தில் அட்டையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

மேலே இருந்தவர் உயிர் பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை. அவரைக் கீழே இறக்கியவர்களில் என் கணவரும் ஒருவர். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நெடுநேரம் குழாயடியில் நின்றார். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"யாருங்க அந்த சூப்பர்வைசரு? அவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றேன்.

"நல்ல மனுஷன் தான். அவசரம்," என்றார். நான் அந்த ஆளைப் பல நாள் மனத்துக்குள் வைது தீர்த்தேன். கண் இல்லையா, எழுத்துத் தெரியாதா, அட்டையில் இருந்த முகம் தெரியவில்லையா என்று.

அதற்குப் பிறகு ஆலையில் எல்லோருக்கும் புது அட்டை கொடுத்தார்கள். பழையதை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் மின்பெட்டியைத் திறந்து, ரவுட்டர் லைனின் கறுப்புச் சுவிட்சைக் கீழே தள்ளி, அந்த அட்டையை நூலில் கட்டி அதன் மேல் தொங்கவிட்டார். பூட்டு மாட்ட வீட்டுச் சுவிட்சில் வசதி இல்லை.

"இன்னாங்க இது, ரவுட்டருக்குப் போயி இவ்ளோ பெரிய போர்டா?" என்று கேலி செய்தேன். "அதுல பன்னண்டு வோல்ட்டு தான வருதுன்னு நீங்க தான சொன்னீங்க?"

"இருக்கட்டும். நான் தான் மாட்டுனேன், நான் தான் கழட்டுவேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டீம் லீடரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டிருந்தேன். அரை மணிதான் கொடுத்தாள். துளை போட்டார், கேபிளை இழுத்தார், முனையில் கிளிப் அடித்தார். அரை மணி போனது தெரியவில்லை. நான் போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்துக் கீழே படுக்கையறை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான். அதுவும் காற்றைப் பொறுத்து. பச்சைப் புள்ளி சிவப்பானது. ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டினேன். சிவப்புதான். ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

மாமியார் டீ போட்டு, "நைனா, டீ ஆறிப்போவுது" என்று மகனுக்குக் குரல் கொடுத்தார். கணவர் இறங்கி வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனார். சிக்னல் தேடி வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டது, அதனால்தான் ஆற அமர நிற்கிறார் என்று நினைத்தேன். ஹாலுக்கு வந்தேன். கேபிள் கிளிப்போடு தொங்கியது. அதை ரவுட்டரில் செருகினேன். அதுவும் முடிந்தது, இனி என்ன? போன் அடித்தது. டீம் லீடர்.

"ஒரு நிமிஷம், வந்துட்டேன், வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே மின்பெட்டிக்குப் போனேன். அட்டையைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவருடைய முகம் அதில் இருந்தது, பத்து வருடம் முன்னால் எடுத்த போட்டோ, மீசை அடர்த்தியாக. ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். சமையலறை பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து ரவுட்டரை மட்டும் உயிர்ப்பித்திருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது என் கண்ணுக்குள் சிவப்புப் புள்ளி ஒன்றுதான் இருந்தது. நூலோடு அட்டையை இழுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சுவிட்சை மேலே தள்ளினேன்.

டிக் என்றது. ரவுட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மாடி அறையில் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. திட்டும் குரல் இல்லை, காலடி இல்லை. மாடிக்குப் போகும் லைனும் இதுதான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஓடினேன். எங்கள் மாடிக்குப் பதினாறு படி. பாதியில் நின்றேன். சுவிட்ச் இன்னும் மேலேதான் இருக்கிறது. அதை இறக்காமல் மேலே ஓடி என்ன செய்யப் போகிறேன்? அவரைத் தொட்டால் நானும் சேர்ந்து போவேன். இறக்க வேண்டுமென்றால் கீழே போக வேண்டும். கீழே போனால் அந்த நேரம் அவருக்கு இல்லாமல் போகும். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஒரு விநாடியாகத்தான் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான விநாடி இன்னொன்று இல்லை.

கீழே ஓடினேன். சுவிட்சை அடித்து இறக்கினேன். மாமியார் பின் அறையிலிருந்து, "இன்னாம்மா ஆச்சி? இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மறுபடி மேலே ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ள பயமாக இருந்தது. தள்ளினால் தெரிந்துவிடும், தள்ளாதவரை தெரியாது என்று புத்தி கெட்டுப்போய் நினைத்தேன். அதற்குள் மாமியாரின் மூச்சிரைப்பு படியில் கேட்டது. எனக்கு முன்னால் அவர் பார்த்துவிடக் கூடாது என்று தள்ளினேன்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. போர்டின் மூடி கழன்று, உள்ளே இருந்த ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டெஸ்டர் அவர் காலடியில் கிடந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவல," என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டுத்தான். அவர் என்னைத் தேற்றவில்லை. "அட்டைய நீயா கழட்டுன?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்க வெச்சிகிற?"

"பொட்டி மேல."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

நடந்ததைப் பிறகு மெதுவாகச் சொன்னார். டீக்கு இறங்குமுன் போர்டைத் திறந்து வைத்திருக்கிறார். டீ குடித்து வந்ததும் வெறும் கையால் ஒயரைப் பிடித்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வேலையை விட்டு நகர்ந்து திரும்பி வந்தால் கரண்ட் இருக்கிறதா என்று முதலிலிருந்து டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தன் வீடாக இருந்தாலும், தானே அட்டை மாட்டியிருந்தாலும். டெஸ்டரை வைத்தார். அதன் உள்ளே விளக்கு எரிந்தது. கையிலிருந்து டெஸ்டர் நழுவியது. டீயைச் சட்டென்று குடித்துவிட்டு முன்னாடியே வந்து ஒயரைக் கையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமியாருக்கு மட்டும் நாங்கள் எதையும் சொல்லவில்லை. எலி ஓடியது, பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பியதுபோல் காட்டிக்கொண்டார்.

கணவர் எழுந்து கீழே போனார். அட்டையைச் சட்டை நுனியால் துடைத்துச் சுவிட்சில் மாட்டினார். மிச்ச வேலையை முடிக்கப் போனார். நான் மின்பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மேலே இருந்தவரை அந்தச் சுவிட்சுக்கு மேல் கையைக் குவித்து மூடிக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ரவுட்டர் செத்துக் கிடந்தது. கிடக்கட்டும்.

மூன்றாவது கடிதம் அன்று மாலையே வந்தது. பிறகு மன்னிப்பு எழுதி, கெஞ்சி, ஒரு மாதம் சோதனையில் வைத்து வேலையைத் தக்கவைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கடிதத்தைத் திறந்தபோது எனக்குத் துளி பயம் வரவில்லை. பயம் முழுவதும் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது.

நெட் பிரமாதமாக வேலை செய்கிறது. ஹாலில் இருப்பதுதான் எல்லோருக்கும் நம்பர் கொடுக்கிறது. மாடியிலும் பின் அறையிலும் இருப்பவற்றுக்கு வேறு வேறு அட்ரஸ் கொடுத்து, நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்திவைத்தார். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். ஒன்றின் அலை மற்றொன்றில் மோதாமல் ஆளுக்கொரு சேனல். மாமியார் தொடரைப் பார்த்துக்கொண்டே பின் அறையிலிருந்து மாடி வரை நடந்தாலும் படம் நிற்பதில்லை. "இப்ப தான் பேஜாரு தீந்துது" என்கிறார். என் பச்சைப் புள்ளி நாள் முழுவதும் பச்சையாகவே இருக்கிறது.

கணவர் காலையில் ஆலைக்குப் போனதும் கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் அவரோடு எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் எனக்கு நான்கு கோடு நிறைந்து நிற்கிறது. அவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் ஒன்றும் எட்டாது. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஏதாவது சத்தம் வந்தால் கை விசைப்பலகையில் நின்றுவிடும். ஒருநாள் கேட்டேன், "இப்பல்லாம் மறக்காம பூட்டு போடறீங்களா?" என்று.

"போடறேன். பூட்டு இருந்தா," என்றார்.

அந்தச் சூப்பர்வைசரை இப்போதெல்லாம் நான் வைவதில்லை. அவரை நான் பார்த்தது இல்லை, ஆனால் நன்றாகத் தெரியும். என் கணவர் எங்கோ உயரத்தில் ஒயரைப் பிடித்திருக்கும் நேரத்தில், கீழே சுவிட்சுக்கு முன்னால் அவரைப் போல யாரோ ஒருவர் வந்து நிற்பார். அட்டையைப் பார்ப்பார். அதில் இருக்கும் முகத்தையும் பார்ப்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவருக்கும் என்னைப் போல ஏதோ ஓர் அவசரம் இருக்கும்.